கணக்குக் காட்டாத கடவுளர்

“விளையாட்டுத்தானே!” என்னும் ஒற்றைச் சொல்லைப் போல நம் காலத்தில் இத்தனை பிழைகளுக்குப் போர்வையாக அமைந்த சொல் பிறிதொன்று இல்லை. நள்ளிரவு வரை கணினியின் முன் அமர்ந்து தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும் இளைஞன் ஒருவனை நெருங்கி, “என்ன செய்கிறாய் தம்பி?” என வினவினால், “நான் ஒரு நாட்டுக்குக் கடவுளாக இருக்கிறேன்” என விடையிறுக்கும் காலம் இது. அவ்விடையைக் கேட்டுப் பெரியோர் சிலர் நகைக்கின்றனர். சிலர் “சிவ சிவா” என்று செவியைப் பொத்திக்கொள்கின்றனர். நகைப்பவரும் சரி, செவி பொத்துபவரும் சரி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. “உன் நாட்டில் குடிகளாக வாழ்வோர் யாவர்? நீ அவர்க்குத் தீங்கிழைத்தால் அவர்கள் யாரிடம் சென்று முறையிடுவர்?” என்பதே அக்கேள்வி.

எழுத்துவழிக் கற்பனை ஆட்டங்களில் கடவுள் வேடம் பூணுவோர் அதிகாரம் ஏற்ற அலுவலர்கள். அலுவலர்க்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு. ‘கடவுள்’ என்னும் பட்டமோ அக்கடமையை மறைக்கும் திரையாகப் பயன்பட்டு வருகிறது. இதுவே இக்கட்டுரை எடுத்து வைக்கும் வழக்கு. இதனை மறுப்போர் மூவகையினர். அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம். அதற்கு முன், இவ்வாட்டத்தின் இயல்பை அறியாத அன்பர்க்கு அதனைச் சிறிது விளக்குதல் கடன்.

சொல்லால் எழுந்த உலகம்

இவ்வாட்டங்களில் படம் இல்லை; ஓசை இல்லை; திரையில் எழுத்துகளே தோன்றும். “நீ ஒரு பாழடைந்த மண்டபத்தின் வாயிலில் நிற்கிறாய், வடக்கே படிக்கட்டு ஒன்று இருளுள் இறங்குகிறது” என்று கணினி எழுதும். ஆடுபவர் “வடக்கே செல்” என்று தட்டச்சுச் செய்தால், அடுத்த இடத்தின் வருணனை வந்து நிற்கும். வாளை எடுப்பதும், கதவைத் திறப்பதும், பகைவனை வணங்குவதும் அங்கே சொற்களே. குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட வில் கிரவுதர் என்னும் அமெரிக்கர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகைகளைத் தழுவி 1970களின் நடுவில் இத்தகைய ஆட்டம் ஒன்றை இயற்றினார். 1977இல் டான் உட்ஸ் என்பவர் அதனை விரிவாக்கினார். அது தனியர் ஆட்டம். ஆடுபவர் ஒருவர், எதிரே இருப்பது பொறி. 2019இல் வெளிவந்த ‘ஏஐ டஞ்சன்’ போன்றவை, ஆடுபவர் எழுதும் எதற்கும் பொறியே கதை புனைந்து விடை தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஆயினும் அவையும் அடிப்படையில் அவ்வகையினவே. தனியே இருப்பவர் தம்மைக் கடவுளாகக் கற்பித்துக்கொண்டால் எவருக்கும் தீங்கில்லை; அது கதை புனைதல். அத்தகைய ஆட்டத்தோடு நமக்கு வழக்கில்லை.

வழக்குத் தொடங்குவது 1978ஆம் ஆண்டில். அவ்வாண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே வேளையில் புகுந்து ஒருவரையொருவர் கண்டு உரையாடி ஆடத்தக்க சொல்லுலகம் ஒன்றைச் சமைத்தார். ‘மட்’ என்பது அதன் பெயர். பலர் புகும் நிலவறை என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. 1980இல் அதனைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தவர் ரிச்சர்டு பார்ட்லே. அவ்வுலகில் உரிய புள்ளிகளைத் திரட்டியவர் ‘விசர்டு’, அதாவது மாயாவி, என்னும் நிலையை எய்துவார். எய்தியவர்க்குப் பிறர்மீது செலுத்தத்தக்க ஆற்றல்கள் கிட்டும். சாவு விரல் என்று பொருள்படும் ‘ஃபிங்கர் ஆஃப் டெத்’ அவற்றுள் ஒன்று. அவ்விரல் நீண்டால் மற்றவர் வளர்த்தெடுத்த பாத்திரம் அடியோடு அழிந்துபோகும்.

பின்னர் இவ்வினம் பல்கிப் பெருகியது. 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ‘டைனிமட்’ பிறந்தது, அதே ஆண்டில் சுவீடனில் லார்ஸ் பென்ஷோ என்பவர் ‘எல்பிமட்’டை இயற்றினார், 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் சிலர் ‘டிக்குமட்’டை உருவாக்கினர். டிக்குமட்டின் வழிவந்த ஆட்டங்களில் ஆட்சி நிலையினர்க்கு ‘இம்மார்ட்டல்’ அதாவது அமரர் என்றும், அவர்க்கும் மேற்பட்டோர்க்குக் ‘காட்’ அதாவது கடவுள் என்றும் பெயர் வழங்கலாயிற்று. 1997இல் தொடங்கிய ‘அக்கேயா’ என்னும் ஆட்டத்தில் இவ்வேடம் இன்னும் முழுமை பெற்றது. அங்கே ஒவ்வொரு கடவுளுக்கும் தனித்தன்மையும் புராணமும் உண்டு; அக்கடவுளை வழிபடும் அடியார் கூட்டம் உண்டு; அக்கடவுளின் வாயாக இருந்து எழுதுபவர் உயிருள்ள ஒரு மனிதர்; அடியாராக வணங்கி நிற்பவரும் உயிருள்ள மனிதரே.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். படத்தால் ஆகிய ஆட்டத்தில் ஒருவருடைய உருவத்தைப் பறித்தாலும் அவருடைய சொல் அவரிடம் எஞ்சும். சொல்லால் ஆகிய ஆட்டத்தில் சொல்லே உருவம், சொல்லே செயல், சொல்லே முகம். ஆகவே அங்கே சொல்லின்மேல் அதிகாரம் உடையவர் ஆள்மேலேயே அதிகாரம் உடையவர் ஆகிறார்.

கடவுளர் கையிற் கருவிகள்

அவ்வதிகாரம் எத்தகையது? டிக்குமட் மரபில் வந்த ஆட்டங்களின் கட்டளைகள் சிலவற்றை நோக்கினாலே போதும். ‘ஸ்னூப்’ என்பது ஒரு கட்டளை. அதனை இட்ட கடவுள், தாம் குறித்த ஆட்டக்காரர் தட்டச்சுச் செய்வதையும், அவர் திரையில் தோன்றுவதையும் அவர் அறியாமலே படிக்கலாம். இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்தரங்க உரையும் அதில் அடங்கும். ‘ஃப்ரீஸ்’ என்பது மற்றொன்று. அது ஒருவரை அசையவொட்டாமல் உறையச் செய்யும். தம்மை எவரும் காணாதவாறு மறைந்து உலவும் ஆற்றலும் கடவுளர்க்கு உண்டு. இவை எல்லாவற்றினும் கொடியது ‘ஃபோர்ஸ்’. அதனை இட்டால், குறித்த ஆட்டக்காரர் எதைச் சொல்ல வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று கடவுள் எழுதுகிறாரோ, அதனை அவரே சொல்லியதாகவும் செய்ததாகவும் அவ்வுலகம் ஏற்றுக்கொள்ளும். சுற்றி நிற்போர் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது.

இக்கருவிகள் வேண்டியவையே. ஆட்டத்தில் ஒரு பாத்திரம் வழியறியாது சிக்கிக்கொண்டால் விடுவிப்பதற்கும், ஏமாற்றுவோரைக் கண்டறிவதற்கும், பிறரைத் துன்புறுத்துவோரைத் தடுப்பதற்கும் இவை பயன்படுகின்றன. காவலர் கையில் தடி இருப்பது பற்றி நாம் குறை கூறுவதில்லை. அத்தடி எப்போது, எவர்மேல், எதன் பொருட்டு ஓங்கப்பெற்றது என்பதற்கு ஏடு வேண்டும் என்றே கூறுகிறோம்.

முதல் மறுப்பு: கடவுள் வேடம் தெய்வ நிந்தனை

மானிடன் தன்னைக் கடவுள் என்று அழைத்துக்கொள்வதே பாவம் என்பது முதல் வகையினர் வாதம். அவர்தம் பக்திக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் அவ்வாதம் நிற்காது. நம் ஊர்த் தெருக்கூத்தில் கண்ணன் வேடம் கட்டியவர் விடியும் வரை கண்ணனாகவே நிற்கிறார். அவர் முன் கற்பூரம் ஏற்றும் மூதாட்டியும் உண்டு. அதனை நிந்தனை என்று எவரும் கூறியதில்லை. விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கழனிக்குப் போகிறார். வேடம் இருந்த பொழுதிலும் பார்ப்போர் எவரையும் ஊமையாக்கும் ஆற்றல் அவர்க்கு இருந்ததில்லை. அவருடைய சுதர்சனச் சக்கரம் அட்டையால் ஆனது.

சொல்லுலகக் கடவுளின் சக்கரமோ அட்டையன்று. அது வெட்டும். ஆகவே குற்றம் வேடத்தில் இல்லை. வேடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மெய்யான அதிகாரத்தில் உள்ளது. நிந்தனை என்று சினப்போர் பட்டத்தைப் பிடுங்கிவிட்டு அதிகாரத்தை அப்படியே விட்டுவிடுவர். ‘கடவுள்’ என்பதற்குப் பதிலாக ‘மேலாளர்’ என்று பெயர் மாற்றினால் அவர்தம் மனம் அமைதியுறும். சாவு விரல் அங்கேயே இருக்கும்.

பெயரைப் பற்றிப் பேச்சு எழுந்தமையால் இன்னொன்றையும் கூறுவோம். ஆட்டக்காரர் தம் உருவமாகக் கொள்ளும் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘அவதார்’. நம் நாட்டுச் சொல்லே அது. நம் மரபில் அவதாரம் என்பது இறைவன் மானிட வரம்புக்குள் இறங்கி வருவது. இறங்கியவன் காடும் ஏகினான், கட்டும் உண்டான். ஆலவாய்ச் சொக்கனோ பிட்டுக்கு மண் சுமக்கும் கூலியாளாக வந்து, வேலையைச் செய்யாமையால் பாண்டியன் கைப் பிரம்படி பட்டான். அந்த அடி அரசன் உள்ளிட்ட எல்லார் மேலும் விழுந்தது என்று திருவிளையாடற் கதை கூறும். இறங்கி வந்த இறைவன் கூலிக்குரிய கணக்குக்கும் உட்பட்டான் என்பதன்றோ அக்கதையின் நயம்? ஆட்டவுலகத்திலோ அவதாரம் குடிமகனுக்கு வழங்கும் பெயராயிற்று. கடவுளோ எந்தப் பிரம்பும் எட்டாத உயரத்தில் அமர்ந்துவிட்டார். சொல் நம்முடையது, பொருள் தலைகீழாகிவிட்டது.

இரண்டாம் மறுப்பு: இது வெறும் விளையாட்டு

இரண்டாம் வகையினர் தொகையில் மிக்கவர். எழுத்துகளால் எவருக்கு என்ன காயம் நேர்ந்துவிடும் என்பது அவர்தம் கேள்வி. அதற்கு விடை 1993ஆம் ஆண்டில் எழுதப்பெற்றுவிட்டது.

கலிபோர்னியாவில் சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் என்பவர் நடத்தி வந்த சொல்லுலகம் ‘லாம்டாமூ’. மாளிகை ஒன்றின் அறைகளாக அமைந்த அவ்வுலகில் ஆடுவோரே புதிய அறைகளையும் பொருள்களையும் எழுதிச் சேர்க்கலாம். 1993இன் வசந்த காலத்தில் ‘மிஸ்டர் பங்கிள்’ என்னும் பாத்திரப் பெயரில் புகுந்த ஒருவர், பில்லிசூனியப் பொம்மை என்று பெயரிய ஒரு நிரலைக் கருவியாகக் கொண்டு, அங்கே கூடியிருந்த பிறருடைய பாத்திரங்கள் தாமே இழிசெயல்களைச் செய்துகொள்வதாகத் திரையில் எழுத்துகள் தோன்றச் செய்தார். அவற்றை விரித்துரைக்க நாகரிகம் இடந்தராது. உரியவர்கள் தம் கண்முன்னே தம் பெயரால் நிகழ்ந்ததைத் தடுக்க வகையின்றி இருந்தனர். ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் இந்நிகழ்ச்சியை அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்து ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார். பாதிக்கப்பட்டோருள் ஒருவர், அதனைக் கண்டித்து ஆட்டவுலகின் பொதுப் பலகையில் எழுதியபோது தம் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததாக அவரிடம் கூறினார். கண்ணீர் கற்பனையன்று. அது வழிந்த கன்னமும் கற்பனையன்று.

இப்போது சற்று முன் கூறிய ‘ஃபோர்ஸ்’ கட்டளையை நினைவுகூர வேண்டுகிறோம். அந்தப் பொம்மை செய்தது யாது? பிறருடைய பாத்திரம் எதைச் செய்கிறது என்பதை அவர் இசைவின்றி எழுதியது. ‘ஃபோர்ஸ்’ செய்வது யாது? அதுவே. குடிமகன் ஒருவர் தந்திரத்தால் செய்தபோது உலகமே கொதித்தெழுந்த ஒரு செயல், எண்ணற்ற சொல்லுலகங்களில் கடவுளர் கையில் சட்டப்படியான கட்டளையாக நாள்தோறும் இருந்து வருகிறது. பெரும்பாலான கடவுளர் அதனைத் தீய வழியில் பயன்படுத்துவதில்லை என்பது மெய்யே. ஆயின் பயன்படுத்தாமைக்குக் காரணம் அவர்தம் நற்பண்பு மட்டுமே எனின், அந்நற்பண்பு தூங்கும் நாளில் குடிகளுக்குக் காவல் எது?

மூன்றாம் மறுப்பு: என் வீடு, என் சட்டம்

மூவருள் வலியவர் இம்மூன்றாமவர். “கணினி என்னுடையது, நிரல் என்னுடையது, மின்கட்டணம் நான் செலுத்துகிறேன், ஊதியமின்றி இரவு பகலாக உழைக்கிறேன். பிடிக்காதவர் வெளியேறலாம், வாயில் திறந்தே இருக்கிறது” என்பர். இவ்வாதத்தில் நேர்மை உண்டு. ஆட்டவுலகங்களை நடத்தியோருள் பலர் ஊதியம் எதிர்பாராத தொண்டர்கள். பகலில் படிப்பும் பணியும் பார்த்துவிட்டு இரவில் பிறர் மகிழ்ச்சிக்காகக் கண்விழித்தவர்கள். அவர்தம் தொண்டைப் பழித்தல் நம் கருத்தன்று.

எனினும், நெடுவழியில் சத்திரம் கட்டிவைத்த புண்ணியவானை எண்ணிப் பாருங்கள். கட்டடம் அவருடையது, சோறும் அவருடையது. அதனால் இரவில் உறங்கும் வழிப்போக்கரின் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் உரிமை அவர்க்கு வந்துவிடுமா? அறம் செய்தவர் என்பதாலேயே அவர் தம் விருந்தினரை ஒறுக்கலாமா? திண்ணையில் இடங்கொடுத்தவர்க்கு, அமர்ந்தவர் நாக்கின்மேல் உரிமையில்லை.

மேலும், வாயில் திறந்திருக்கிறது என்பது முழு உண்மையன்று. பல்லாண்டுகள் ஒரு பாத்திரத்தை வளர்த்தவர், அங்கேயே நண்பரைப் பெற்றவர், தம் கையாலேயே அறைகளை எழுதிச் சேர்த்தவர், அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற இயலாது. அவர் வெளியேறினால் அவை அங்கேயே நின்றுவிடும். அக்கேயா போன்ற ஆட்டங்களில் ‘கிரெடிட்’ என்னும் ஆட்டச் செல்வத்தை மெய்ப்பணம் கொடுத்து வாங்கும் முறையும் உண்டு. பணம் பெற்ற இடத்தில் “இது என் வீடு” என்பது செல்லாது, அது கடை. கடைக்காரர்க்கு வாடிக்கையாளரிடம் கடமை உண்டு என்பதை எந்தச் சந்தையும் அறியும். ஊரைவிட்டு ஊர் வந்து, வீட்டுக்காரர் சொல்லுக்கு அஞ்சி, வெளியேறும் வாயில் எப்போதும் திறந்தே இருக்கிறது என்பதைப் பலமுறை கேட்டுப் பழகிய நம் குடும்பங்கட்கு இவ்வாதத்தின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கடவுளர் துறவு பூணலாமா?

இவ்விடத்தில் நல்லெண்ணம் கொண்ட சிலர், “அங்ஙனமாயின் கடவுளர் அனைவரும் அதிகாரத்தைத் துறந்துவிட வேண்டியதுதானே?” என்பர். அதுவும் செய்து பார்க்கப்பட்ட ஒன்றே. 1992 டிசம்பரில் கர்ட்டிஸ், லாம்டாமூவின் மாயாவிகள் இனித் தொழில்நுட்பப் பணியை மட்டுமே செய்வர். குடிகளின் பூசல்களில் தலையிடார் என்று அறிவித்தார். நான்கு திங்களும் நிறைவதற்குள் பங்கிள் நிகழ்ச்சி வந்துற்றது. குடிகள் கூடிப் பேசினர். முடிவுக்கு வர இயலவில்லை. கூட்டம் கலைந்தபின் மாயாவி ஒருவர் தாமே தனியராய் முடிவு செய்து பங்கிளின் பாத்திரத்தை அழித்தார். தண்டனை தகுதியானதாக இருக்கலாம். ஆயின் அது தீர்ப்பன்று, ஒருவர் மனத்தின் முடிவு. அதன்பின் கர்ட்டிஸ், குடிகள் விண்ணப்பம் எழுதி வாக்களித்து மாயாவிகளைப் பணிக்கும் முறையை ஏற்படுத்தினார். 1996இல் மாயாவிகள் மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட்டு, தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் பிரித்து நிறுத்த இயலவில்லை என ஒப்பி, தலையிடும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டனர்.

இவ்வரலாறு கற்பிப்பது வெள்ளிடைமலை. அதிகாரத்தைத் துறந்தேன் என்று கூறுவதால் அதிகாரம் மறைந்துவிடாது. சாவி எவரிடம் இருக்கிறதோ அவரிடமே அது தங்கும். துறவு பூண்ட கடவுள் தீமை நிகழும்போது கைகட்டி நிற்பார். அல்லது ஒருநாள் பொறுமையிழந்து இரவோடு இரவாகத் தண்டிப்பார். இரண்டும் குடிகளுக்குக் கேடு. வரம்பிலா ஆட்சியும் வேண்டா. பொய்த் துறவும் வேண்டா. வரம்புக்குட்பட்ட அலுவல் வேண்டும்.

வேண்டுவன நான்கு

அவ்வரம்பு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 2000ஆம் ஆண்டில் ஆட்ட வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர், 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைச் சாசனத்தைத் தழுவி, அவதாரங்களின் உரிமைச் சாசனம் ஒன்றை எழுதினார். பார்ட்லேயும் 2022இல், கடவுளாவது எப்படி என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலில், மெய்ந்நிகர் உலகம் படைப்போரை அவ்வுலகுக்குக் கடவுளராகவே வைத்து, அந்நிலைக்குரிய பொறுப்புகளை ஆராய்ந்தார். பொறுப்பை உணர்ந்தோர் அத்துறைக்குள்ளேயே உளர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் உணர்வு வேறு, கட்டுப்பாடு வேறு. கட்டுப்பாட்டுக்கு வேண்டுவன நான்கு என்பேன்.

முதலாவது, எழுதப்பெற்ற சட்டம். எது குற்றம், அதற்கு எது தண்டனை என்பது குடிபுகுமுன் அனைவரும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஏடு. ‘ஸ்னூப்’, ‘ஃபோர்ஸ்’, ‘ஃப்ரீஸ்’ ஆகிய ஒவ்வொன்றும் இடப்பெறும் வேளை, இட்டவர், காரணம் ஆகியவை பதிவாக வேண்டும்; வினவல் முடிந்தபின் உரியவர்க்கு அது தெரிவிக்கப்பெற வேண்டும். கணினிக்கு ஏடு எழுதுவது மிக எளிய வேலை. எழுதாமைக்குச் சோம்பலையும் சாக்காகக் கூற இயலாது. மூன்றாவது, மேல்முறையீடு. தண்டித்த கடவுளே முறையீட்டையும் கேட்பாராயின் அது முறையீடன்று, மன்றாட்டு. நான்காவது, வேடக் கலப்பின்மை. கடவுளாக இருப்பவர் அதே உலகில் மறைபெயரில் மானிடப் பாத்திரமும் பூண்டு, தம் பாத்திரத்துக்குத் தாமே அருள்புரிதல் கூடாது. பல ஆட்டங்களில் இவ்விதி உண்டு. எல்லாவற்றிலும் இருத்தல் வேண்டும்.

இவை மிகையான கோரிக்கைகளா? நம் சங்கத்தின் செயலாளரும் ஊதியம் பெறாத தொண்டரே. பொங்கல் விழாவுக்கு வாழைக்குலை வாங்கியது முதல் நாற்காலி வாடகை வரை ஆண்டுக் கூட்டத்தில் அவர் கணக்கு வாசிக்கிறார், பின்வரிசையில் அமர்ந்த ஒருவர் எழுந்து, “மின்விளக்குச் செலவு சென்ற ஆண்டைவிட ஏன் கூடிற்று?” என்று கேட்கிறார்; செயலாளர் முகஞ்சுளிக்காமல் விடை கூறுகிறார். தொண்டு என்பதால் கணக்கு வேண்டா என்று நம்மில் எவரும் கூறியதில்லை. நாற்காலி வாடகைக்குக் கேட்கும் கணக்கை, மனிதர் நாவின்மேல் செலுத்தும் அதிகாரத்துக்குக் கேட்கக் கூடாதோ?

கடவுளாட்டத்தின் கலை

கட்டுப்பாடு வந்தால் கலை செத்துப்போகும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். கடவுளர் கையிலுள்ள கருவிகளுள் இதுகாறும் கூறாத ஒன்று உண்டு, அது ‘எக்கோ’. அதனை இட்டால், கடவுள் எழுதும் ஒரு வரி அங்கே நிற்போர் அனைவர் திரையிலும் தோன்றும். எவர் பெயரும் அதனோடு வராது. “தொலைவில் ஒரு மணி ஒலிக்கிறது” என்று எழுதலாம். “காற்று நின்றுவிட்டது, மரங்கள் எதையோ கேட்பன போல் நிற்கின்றன” என்று எழுதலாம். படித்தவர் நிமிர்ந்து பார்ப்பார், ஒருவர் வாளை உருவுவார், ஒருவர் மண்டியிடுவார், ஒருவர் ஓடுவார். அடுத்து நிகழ்வதை அவரவரே எழுதுவர்.

கடவுள் வேடத்தின் கலைச்சிறப்பு முழுவதும் இந்த ஒரு கட்டளையில் அடங்கும். முன்னரே எழுதிய உரையாடல் இல்லை, ஒத்திகை இல்லை, எதிரே நிற்பவர் என்ன வினவுவார் என்பது தெரியாது, கணப்பொழுதில், அக்கடவுளின் இயல்புக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து எழுத வேண்டும். அடியாரின் வேண்டுதலுக்கு எப்போது விடையளிப்பது, எப்போது மௌனம் காப்பது என்று அறிவதும் அக்கலையின் பகுதி. சொல்லாற்றலில் திளைக்கும் நம் பிள்ளைகள் இக்கலையில் ஈடுபடுவதை நான் மனமார வரவேற்கிறேன். பாட்டி கதை சொல்லும் திண்ணை அற்றுப்போன அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் தமக்கெனக் கண்டெடுத்த திண்ணை அது. ஏடும் சட்டமும் முறையீடும் இக்கலையின் ஓர் எழுத்தையும் குறைக்கமாட்டா. அவை குறைப்பது ‘ஃபோர்ஸ்’ தரும் போதையை மட்டுமே.

ஆதலின், அன்பர்களே, உங்கள் இல்லத்தில் கடவுள் ஒருவர் இருப்பாராயின் அவரை நகையாதீர், வையவும் செய்யாதீர். அருகில் அமருங்கள். அவர்தம் உலகின் சட்டம் எங்கே எழுதப்பெற்றுள்ளது எனக் கேளுங்கள். பிறர் உரையை அவர் மறைந்திருந்து படித்ததுண்டா, படித்ததை உரியவர்க்குத் தெரிவித்தாரா எனக் கேளுங்கள். அவர் தண்டித்த ஒருவர் யாரிடம் சென்று முறையிடலாம் எனக் கேளுங்கள். தயங்காமல் விடை வந்தால் பிள்ளையின் கையைப் பற்றிப் பாராட்டுங்கள். நல்லதோர் அலுவலரை வளர்த்திருக்கிறீர்கள். விடை வாராவிடின், முடியை இறக்கிவைத்துவிட்டு, முதலில் ஏட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.